ஆவுடையப்பன் பெற்ற வண்டி

குட்டிக்குளத்து ஆட்களுக்கு அறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அறிவு நிறையவே உண்டு. அதை எந்த நேரத்தில் வெளியே எடுப்பது என்பதில்தான் ஊருக்குள் கொஞ்சம் தகராறு.

அந்த ஊர் அய்யாக்கண்ணு, ஆலங்கிணற்றுக்குப் பெண் பார்க்கப் போனான். கோமதி காபியைக் கொண்டுவந்து கொடுத்து, "சூடா இருக்கு, ஆறினதும் குடிங்க" என்றாள். பயல் பொழுது சாயும்வரை தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "இப்போ ஆறிருச்சா?" என்று கேட்டான். அவள் சிரித்த சிரிப்பில் பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி அவள் அப்பா ஆவுடையப்பன் கையில் இருந்தது. அவருக்கு ஒரே மகள், ஒரே மோட்டார் பைக். பைக்கு கோமதி பிறந்த மறுவருஷம் வாங்கியது. இடுப்பு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து அவரால் ஓட்ட முடியவில்லை. ஆனாலும் தினமும் துடைத்து, போர்வை போர்த்தி வைத்திருந்தார்.

"மாப்ளே, எனக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது. இதுதான் பிள்ளை மாதிரி" என்று போர்வையை எடுத்தார். "கொண்டு போங்க. பிள்ளையைப் பாக்கிற மாதிரி பாத்துக்கிடணும். வெயில்ல காய விடக் கூடாது. எண்ணெய் குறையக் கூடாது. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டா அதுவே என்ன வேணும்னு சொல்லும். பங்குனி உத்திரத்தன்னைக்கு இன்ஜின் ஓடுற சத்தத்தோட இது என் வாசலுக்கு வரணும். வந்தா தாம்பூலம் மாத்துவோம். வரலேன்னா அவங்கவங்க சோலியைப் பாப்போம். ஒரு வண்டியைப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு நான் எப்படிய்யா பொண்ணைக் கொடுக்க?"

கதவுக்குப் பின்னால் கோமதியின் முகம் தெரிந்தது. 'எப்படியாவது வந்துருங்க' என்று அது சொன்னது. அவள் இல்லாமல் இனி ஒரு காபியும் தனக்கு இறங்காது என்று அய்யாக்கண்ணு அப்போதே முடிவு செய்துவிட்டான்.

கூட வந்திருந்த கூட்டாளிகள் மூக்கையா, சுப்பக்குட்டி, இசக்கிமுத்து மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வெயில் படக் கூடாதே! வண்டிக்கு மேலே ஒரு குடை, முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு குடை. குடை பிடித்தவர்கள் மண்டையை வெயில் பிளந்தது. "பிள்ளைக்குப் படலேல்லா, அது போதும்" என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் கவலை எண்ணெய். பிள்ளைக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்க் குளியல்தானே? அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எந்தக் கிழமை என்பதில்தான் சிக்கல்.

"ஆம்பளைன்னா சனிக்கிழமை. பொம்பளைன்னா வெள்ளிக்கிழமை" என்றான் மூக்கையா. "முதல்ல இது என்ன பிள்ளைன்னு தெரியணும்."

நால்வரும் வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

"கழுத்துல காதுல ஒண்ணும் கிடையாது" என்றான் இசக்கிமுத்து.

"அடகு வச்சிருப்பாங்கலே" என்றான் சுப்பக்குட்டி.

கடைசியில் மூக்கையாதான் தீர்த்துவைத்தான். "இது புகை விடுமா விடாதா?"

"விடும்."

"அப்புறம் என்னலே? ஆம்பளைதான்."

சனிக்கிழமை விடிந்தது. நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, ஹெட்லைட் உச்சியில் சொட்டுச் சொட்டாக வைத்து அரக்கித் தேய்த்தார்கள். சக்கரத்தின் இடுக்கு, பிரேக்கின் உள்பக்கம் எதையும் விடவில்லை. அப்புறம் சீயக்காய், வெந்நீர். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று இசக்கிமுத்து சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுவந்தான். தலையில் முடி இல்லாததால் புகையை சைலன்சர் வழியாகக் காட்டினான். ஒரு விரல் கண்மையை எடுத்து டாங்கில் திருஷ்டிப் பொட்டும் வைத்தார்கள்.

அன்று சாயங்காலமே அய்யாக்கண்ணு கண்மாய்க்கரை மேலே வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சீட்டில் எண்ணெய், அவன் பாட்டுக்கு முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் சரிவில் ஒரு தள்ளு தள்ளினார்கள். வண்டி குடுகுடுவென்று இறங்கியது. பிரேக்கை மிதித்தான். எண்ணெய் குடித்த பிரேக்கு எங்கே பிடிக்கும்? நேராகப் போய் எருக்குழியில் இறங்கினான்.

மூவரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எலே, மெத்துன்னு இருக்கிற இடமாப் பாத்துல்லா இறக்கியிருக்கான்! நல்ல பிள்ளை" என்றான் சுப்பக்குட்டி. எருவுக்குள் இருந்த அய்யாக்கண்ணும் ஆமாம் என்று தலையாட்டினான்.

டவுனிலிருந்து மெக்கானிக் ரசாக் பாயைக் கூட்டிவந்தார்கள். அவர் வண்டியை மோந்து பார்த்தார். "யாருப்பா இதுக்குச் சீயக்காய் போட்டது?" மூன்று கை பெருமையாக உயர்ந்தது. அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாட்டி, இன்ஜின் ஆயில் எங்கே ஊற்றுவது, செயினை எப்படித் துடைப்பது, கிளட்ச் எது, கியர் எது என்று காட்டிக்கொடுத்தார். "கிக்கரைப் பதமா ஒரு உதை உதை, எழுந்திரிக்கும்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் ஆச்சரியம் பாருங்கள், அய்யாக்கண்ணு ஓட்டப் பழகிவிட்டான். நாள் தவறாமல் வண்டியைத் துடைத்தான், ஆயில் அளவு பார்த்தான், கண்மாய்க்கரையில் போய்விட்டு வந்தான். வண்டி தட்தட தட்தட என்று ஓட, மூவரும் டாங்கில் காதை வைத்துக்கொண்டே கூட ஓடுவார்கள்.

"பசிக்கு, பசிக்குங்கான்" என்று மூக்கையா கத்துவான். உடனே பெட்ரோல் ஊற்றுவார்கள். அய்யாக்கண்ணு கோமதியைப் பின்னால் உட்கார்த்தி டவுனுக்குச் சினிமாவுக்குப் போவதாக நினைத்துக்கொள்வான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் நல்லபடியாகப் போகும்போதுதான் மூக்கையாவுக்கு அறிவு வெளியே வந்தது. உத்திரத்துக்கு முந்தின நாள்.

"எலே அய்யாக்கண்ணு, இது மாமாவுக்குப் பிள்ளை. அப்படின்னா கோமதிக்கு என்ன?"

"தம்பி."

"உனக்கு?"

அய்யாக்கண்ணு விரல் விட்டு முறையை எண்ணிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "மச்சினன்!"

"மச்சினன் முதுகுல ஏறியால்லா இத்தனை நாள் சவாரி பண்ணியிருக்கே" என்றான் இசக்கிமுத்து.

"ஏறினதுகூடப் பரவாயில்லலே" என்றான் சுப்பக்குட்டி, குரலைத் தாழ்த்தி. "தினம் காலையில எழுந்ததும் உதைச்சிருக்கான்."

அய்யாக்கண்ணு அப்படியே முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான். "தெரியாமப் பண்ணிட்டேன் மச்சினா, மனசுல வச்சுக்காதே" என்று கண்ணீர் விட்டான். தன் புதுத் துண்டை எடுத்து ஹேண்டில்பாரில் மரியாதையாகப் போர்த்தினான். இனிமேல் இதன்மேல் கால் படாது என்று சத்தியமும் செய்தான்.

நாளைக்கு வண்டி ஆலங்கிணற்றுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் கோமதி இல்லை. மச்சினன் மேல் ஏறவும் கூடாது. நால்வரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"மாமா என்ன சொன்னாரு? இன்ஜின் ஓடுற சத்தத்தோட வாசலுக்கு வரணும்னாரு" என்றான் மூக்கையா. "அது வரணும்னுதான் சொன்னாரு. யாரும் மேல உட்காந்து வரணும்னு சொன்னாரா?"

விடிந்ததும் அய்யனார் கோயில் சப்பரத்தைக் கேட்டு வாங்கினார்கள். வண்டியை அதன்மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கால் படக் கூடாது என்பதால் கிக்கரை மூன்று பேர் சேர்ந்து கையால் அமுக்கினார்கள். உள்ளங்கை எல்லாம் கொப்புளித்த பிறகு ஒருவழியாக இன்ஜின் பிடித்தது. ஆளுக்கொரு மூலையில் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். சைலன்சர் பக்கத்து மூலை இசக்கிமுத்துவுக்கு வாய்த்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன சாமி என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆலங்கிணற்றில் ஆவுடையப்பன் வாசலுக்கு ஓடிவந்தார். நால்வர் தோளில் மோட்டார் பைக்கு. அது தட்தட என்று ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிவந்தவர்களில் ஒருவன் கரிச்சட்டிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி நின்றான். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவர் வண்டியை இறக்கச் சொல்லி, முதல் வேலையாகச் சாவியைத் திருகி அணைத்தார்.

"ஓட்டிட்டு வாங்கன்னு சொன்னா, தூக்கிட்டா வாரீங்க?"

"மச்சினன் மேல ஏற மனசு வரலே மாமா."

"எந்த மச்சினன்?"

"நீங்கதானே மாமா உங்க பிள்ளைன்னு சொன்னீங்க?"

ஆவுடையப்பன் குரலை உயர்த்தினார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. இப்போ என் கண்ணு முன்னாடி காலால உதைச்சு, ஏறி, ஒரு சுத்து சுத்தி வரணும். இல்லேன்னா வெத்திலைத் தட்டை உள்ள எடுத்துட்டுப் போயிருவேன்."

அய்யாக்கண்ணு கிக்கர் முன்னால் போய் நின்றான். காலைத் தூக்கினான். கீழே வைத்துவிட்டான். "கோமதி வேணும் மாமா. உசிரு மாதிரி வேணும். ஆனா அவ தம்பியை உதைச்சுட்டு அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று விம்மினான்.

தட்டை எடுக்க ஆவுடையப்பன் கையை நீட்டினார். அதற்குள் கோமதி வாசலுக்கு வந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"என் தம்பிதானே? நான் உதைக்கலாம்ல?"

கூட்டாளிகள் மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசனை செய்தார்கள். "அக்கா தம்பியை உதைக்கிறது எல்லா வீட்லயும் உள்ளதுதான்" என்று மூக்கையா தீர்ப்புச் சொன்னான்.

கோமதி உதைத்தாள். ஒரே உதையில் வண்டி எழுந்துகொண்டது. அவள் குனிந்து டாங்கில் காதை வைத்தாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அப்பா, தம்பி என்னமோ சொல்லுதான். 'அத்தான் ஏறு, அத்தான் ஏறு'ங்கான்."

மூவரும் ஓடிவந்து காதை வைத்தார்கள். "ஆமாலே! அத்தான்னு வாய் நிறையக் கூப்பிடுதான்லே!"

அய்யாக்கண்ணும் கேட்டான். அவனுக்கும் அப்படியேதான் கேட்டது. டாங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். கியரைப் போட்டு, ஊரை அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு ஆட்டமில்லாமல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆவுடையப்பன் சக்கரத்தைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. தாம்பூலம் மாற்றினார்கள்.

அப்புறம் பந்தி. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் இலை போட்டார்கள். கூட்டாளிகள் வண்டியைத் தள்ளிவந்து வரிசைக் கடைசியில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு இலையை விரித்து, தண்ணீர் தெளித்து வைத்தார்கள். சொந்தக்காரர்கள் மூச்சுவிடாமல் ஆவுடையப்பன் முகத்தையே பார்த்தார்கள். அவர் அந்த இலையைப் பார்த்தார். வண்டி கழுத்தில் கிடந்த புதுத் துண்டைப் பார்த்தார். உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாயசம் வந்தது. வாளியோடு வந்த பெண் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, வண்டியைத் தாண்டி நடந்தாள்.

ஆவுடையப்பன் இலையிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியலையா? எல்லாருக்கும் ஊத்திட்டு என் மகனை விட்டுட்டுப் போறியே!"