பாறைக்காகக் காத்திருந்த செய்தி

குழந்தைகளே, முள்மரங்கள் மண்டிய ஒரு காட்டில் ஆட்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. ஏரிக்கரை மண்மேட்டில் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் கத்திச் சொல்வது அதன் வழக்கம். நரி வந்தாலும் கத்தும், சருகு பறந்தாலும் கத்தும். அதனால் பாதிப் பேர் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தோழி கௌதாரி மட்டும் அதன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை.

அந்தக் காட்டில் பெரிய பாறை ஒன்றும் இருந்தது. காலைதோறும் அதன்மேல் நின்று நாரை செய்தி சொல்லும். யானைகூட நின்று கேட்கும். தன் பெயரும் ஒருமுறை அங்கே ஒலிக்க வேண்டும் என்று ஆட்காட்டிக்குத் தீராத ஆசை.

ஒரு நண்பகலில், புல்வெளியில் வேடன் கண்ணி வைப்பதை அது பார்த்துவிட்டது. மண்மேட்டுக்குப் போகாமல் நேரே நாரையிடம் பறந்தது.

"அருமையான செய்தி," என்றது நாரை. "சற்றுச் செதுக்கி, நாளைக் காலையில் சொல்கிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. வேறெங்கும் சொன்னதைப் பாறை ஏற்காது."

"என் பேரைச் சொல்வீங்களா?"

"முதலில் உன் பெயர்தான்."

சாயங்காலம் கௌதாரி குஞ்சுகளோடு மண்மேட்டுப் பக்கம் வந்தது.

"என்னக்கா, இன்னிக்கு உன் சத்தத்தையே காணோம்? புல்வெளியில புல்லரிசி கொட்டிக் கிடக்காம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். நீ ஒண்ணும் கத்தலையே, அப்புறம் என்ன பயம்!"

ஆட்காட்டி அலகைத் திறந்தது. பாறை நினைவுக்கு வந்தது.

"நாளைக்குப் போயேன்," என்று மட்டும் சொன்னது.

"பசிக்குதுன்னு அழுவுதுங்க அக்கா," என்று சிரித்தபடி கௌதாரி போய்விட்டது.

மறுநாள் நாரை செய்தியைச் சொன்னது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே சொன்னது. ஆட்காட்டியின் பெயர் காடெங்கும் எதிரொலித்தது. மான்கள் தலையசைத்தன. யானை தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தியது.

ஆட்காட்டி கூட்டத்தில் கௌதாரியைத் தேடியது. புல்வெளிக்குப் போனவர்களில் திரும்பி வந்தது ஒரே ஒரு குஞ்சுதான். பாறையடியில் அது தனியாக நின்றுகொண்டிருந்தது.

"பெரியம்மா, நேத்தே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது.

நீதி: பிறர் உயிரைக் காக்கும் சொல்லை, பெயர் வாங்கித் தரும் மேடைக்காகப் பூட்டி வைக்காதே, உனக்கு இருக்கும் மண்மேட்டில் நின்று உடனே சொல்.