விரல் அளவு

சலேத் மேரிக்கு நாற்பத்தோரு வயது. அவளிடம் தொழில் பழக வந்த பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் அந்தச் சின்னப் பட்டறையில் அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். வித்தைக்கு மரியாதை ஒரு பக்கம், வயதுக்கு மரியாதை இன்னொரு பக்கம். இருவரும் அதில் குறை வைத்ததில்லை.

அவர் முப்பது வருடம் லாரிப் பட்டறையில் வீல் நட்டு இறுக்கியவர். இடுப்பு வலி வந்த பிறகுதான் சின்னச் சாமான்கள் பக்கம் ஒதுங்கினார். இடுப்பு போனாலும் கை வலு போகவில்லை. தொல்லையே அந்தக் கைதான்.

முதல் வாரமே அவர் கேட்டார்.

"டீச்சர், இந்தக் கை ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கணும்?"

கை ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். தலை சற்றுப் பெரிதாக, ஓரமெல்லாம் வரிவரியாக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்.

"விரலால இறுக்குங்க. விரல் போதும்னு சொன்னா நிறுத்திருங்க."

"கழண்டுட்டா?"

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார். சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் மாட்டி அனுப்பிய சக்கரம் ஒன்று கயத்தாறு தாண்டிக் கழன்றது. லாரி கவிழ்ந்து கிளீனருக்கு ஒரு கால் போயிற்று. அன்றிலிருந்து எதை இறுக்கினாலும் அவருக்குப் பத்தாது. வீட்டில் அவர் மூடிய தண்ணீர்க் குழாயை அவர் மனைவியால் திறக்க முடியாது. ஊறுகாய் பாட்டிலும் அப்படியே.

வைகாசியில், மலைமேல் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சளி உறிஞ்சும் மெஷின் ஒன்று பழுதுக்கு வந்தது. பிறந்த குழந்தைக்கு மூச்சு அடைத்தால், வாயிலும் மூக்கிலும் இருப்பதை இழுத்தெடுக்கிற மெஷின். கரன்ட் போனால் பேட்டரியில் ஓடும். பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு இரண்டு கை ஸ்க்ரூ.

மலைப் பாதை, ஜீப் குலுக்கல், எல்லாவற்றையும் பொன்னுலிங்கம் யோசித்தார். டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிளேயரால் அழுத்தி ஒரு திருகு. மனசு கேட்காமல் இன்னொரு திருகு. மெஷின் மலையேறியது.

மூன்று வாரம் கழித்து அந்த நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

"நல்லா இறுக்கமா போட்டிருக்கீங்க," என்றாள்.

மெஷினைச் சலேத் மேரி பக்கம் திருப்பி வைத்துவிட்டு மேலே சொன்னாள்.

"மத்தியானம் நல்ல மழை. கரன்ட் இல்ல. பிள்ளை பிறந்து அழல, நீலமா கிடக்கு. மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி நின்னு போச்சு. புது பேட்டரி பக்கத்துலயே இருக்கு, மூடி திறக்க மாட்டேங்கு. கையெல்லாம் ஈரம், வழுக்குது. கடைசில பல்லால கடிச்சுத் திருகினேன்."

பொன்னுலிங்கத்துக்குக் கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"பிள்ளை?"

"இருக்கு. நல்லா பால் குடிக்கு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சலேத் மேரி ஸ்க்ரூவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிளேயர் கடித்த தடம் தெளிவாக இருந்தது.

"இறுக்கினது அண்ணாச்சி. திறந்து பாக்காம கையெழுத்துப் போட்டு அனுப்பினது நான். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான் சிஸ்டர்."

"தப்பை நீங்க பங்கு போட்டுக்கிடுங்க. பல்லு என்னுது," என்றாள் ஜெபக்கனி.

பொன்னுலிங்கம் எழுந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டப்பாவை நகர்த்தி, பிளேயரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் வீட்டுக்குப் போறேன் டீச்சர். லூசா விட்டு ஒருத்தன் காலை எடுத்தேன். இறுக்கி வச்சு ஒரு பிள்ளையக் கொல்லப் பாத்தேன். இந்தக் கை இனிமே எதையும் தொடக்கூடாது."

அவள் தடுக்கவில்லை. ஸ்க்ரூ டப்பாவிலிருந்து புதிதாக இரண்டை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க சிஸ்டர்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"திறக்கத் தெரிஞ்சுதுல்லா. போடுங்க."

ஜெபக்கனி போட்டாள். சலேத் மேரி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். ஜெபக்கனி விரல்களை நனைத்துக்கொண்டு திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மூன்றாம் தடவை அவள் யாரையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே செய்தாள்.

"தினமும் காலைல இதைத் துடைச்சு ஓட்டிப் பாத்துட்டுதான் வேற வேலை பாப்பேன். இந்த ஸ்க்ரூவை மட்டும் தொட்டதே இல்ல," என்றாள்.

"இனிமே தினமும் தொட்டுப் பாருங்க."

வாசலில் ஒரு செருப்பை மாட்டியிருந்த பொன்னுலிங்கம் அப்படியே நின்றார். பிறகு ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். மெஷினைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். மூடி ஆடுகிற சத்தம் இல்லை. கீழே வைத்தார். அவர் கை தானாக ஸ்க்ரூவின் பக்கம் போய், தொடாமல் நின்றது.

"டீச்சர், மலைப் பாதை. ஜீப்புல குலுங்கும்."

"குலுங்கத்தான் செய்யும்."

"கழண்டுட்டா?"

முதல் வாரம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அவள் பதில் சொன்னாள்.

"சிஸ்டர் கையிலயும் அஞ்சு விரல் இருக்கு, அண்ணாச்சி."