பள்ளிக்கு ஓடு, ஆசிரியருக்கு வீடு

நெடுங்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைவிட அரசரின் சிலைகள் அதிகம். சிலை ஒவ்வொன்றுக்கும் மண்டபம் உண்டு. பள்ளிக்கூடங்களுக்குத்தான் கூரை கிடையாது. அரசர் செண்பகவழுதி கெட்டவர் என்று சொல்ல முடியாது. தம்மைச் சிரிக்க வைப்பவன் சொல்வதெல்லாம் நியாயம் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

ஒருநாள் சபைக்கு ஓர் ஆசிரியர் வந்து நின்றார். பெயர் தாண்டவன். ஊர் கள்ளிவலசு, தலைநகரிலிருந்து மூன்று நாள் நடை. வேட்டியெல்லாம் செம்மண். கையில் ஓர் ஓலை. அதில் இரண்டே வரி:

"பள்ளிக்கு ஓடு. ஆசிரியருக்கு வீடு."

"இவ்வளவுதானா?" என்றார் அரசர்.

"போன வருஷம் நீளமாக எழுதினேன், மகாராஜா. யாரும் படிக்கவில்லை. அதனால் சுருக்கிவிட்டேன். பள்ளிக்கூரை பாதி விழுந்துவிட்டது. மழை வந்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே மூலையில் நிற்கிறார்கள். நான் படுப்பது ஆட்டுப்பட்டியில். எனக்கு முன்னால் வந்த நாலு வாத்தியார்களும் போய்விட்டார்கள். இந்த மழைக்குள் ஏதாவது நடக்காவிட்டால் நானும் போக வேண்டியதுதான். அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கு யாரும் வரமாட்டார்கள்."

ஓலை அமைச்சர் பூவராகரிடம் போனது. நாட்டில் எதைக் கட்டுவதென்றாலும் அவர் கைதான். மனுவின் அடியில் அவர் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் எழுதுகிறாரோ, அரச முத்திரை விழுந்ததும் நாடு முழுக்க அதுவே பொருள். அப்படி ஒரு வழக்கம். இன்னொரு விஷயமும் ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிகளுக்கென்று சுட்ட ஓடுகள் வழி தவறி அவருடைய மாட்டுக்கொட்டிலின் மேல் ஏறிவிட்டன. மிச்சம் அவர் முற்றத்தில் அடுக்கி இருந்தது. நனையாமல் அசைபோட்ட மாடுகள் நாட்டிலேயே அங்கேதான் இருந்தன.

பூவராகர் எழுத்தாணியை எடுத்தார். எழுதினார். மீசையைத் தடவிக்கொண்டு வாசித்தார்.

"ஓடு வேண்டுமாம். தாராளமாக ஓடட்டும், யார் தடுத்தார்கள்? வீடு வேண்டுமாம். வீடு என்றால் வீடுபேறு. மோட்சம். அதை ஆண்டவன் தர வேண்டும். அரண்மனையில் கேட்டால் எப்படி?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. அரசர் சிரித்தால் சபைக்கு வேறு வேலை இல்லை. சிரித்த கையோடு முத்திரையும் குத்தி, ஓலையை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பிரமாதம் ஐயா! இதற்குப் பரிசு கொடுக்காவிட்டால் நான் அரசனா? அமைச்சருக்கு வீடு கொடுத்தோம்! டேய் வேம்பா, நாளைக் காலையில் கொடுத்துவிடு."

வேம்பன் என்பவன் அரசரின் பரிசுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். பேருக்கேற்ற கசப்பு நாக்கு. "உத்தரவு" என்றான். வெளியே போன ஆசிரியரைத் தூணருகே மடக்கினான்.

"வாத்தியாரையா, ஓடச் சொன்னார்களே என்று இன்றைக்கே ஓடிவிடாதீர்கள். நாளைக்கு ஒரு காலை மட்டும் இருங்கள். அந்த ஓலையை என்னிடம் கொடுங்கள்."

மறுநாள் காலை. சபை கூடியது. தாண்டவனும் ஓரமாக வந்து நின்றார். வாசலில் சங்கு ஊதியது. பறை முழங்கியது. நாலு ஆட்கள் பச்சை மூங்கில் பாடை ஒன்றைத் தூக்கி வந்து பூவராகர் காலடியில் வைத்தார்கள். பின்னாலேயே வேம்பன், கையில் நெய்ப்பந்தம்.

"என்னடா இது?" என்று அலறினார் பூவராகர்.

"தங்களுக்கு வீடு ஐயா. அரசர் கொடுத்தது. படுத்துக்கொள்ளுங்கள்."

"பைத்தியமா உனக்கு? அரசர் கொடுத்தது வீடு!"

"நானும் அதைத்தான் சொல்கிறேன். வீடு என்றால் மோட்சம் என்று நேற்று எழுதியது தாங்கள். முத்திரை அரசருடையது. மோட்சத்துக்கு என்னிடம் தனியாகச் சாவி ஏது? எனக்குத் தெரிந்த வழி இதுதான். காலை நீட்டுங்கள், நல்ல நேரம் போகிறது."

நாலு ஆட்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"மகாராஜா!" பூவராகர் சிம்மாசனத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "வீடு என்றால் நாலு சுவர்! கதவு! மழை ஒழுகாத கூரை! மனுஷன் குடியிருக்கிற இடம்!"

"வாய்ச்சொல் போதாது ஐயா. எழுதிக் கொடுங்கள்." வேம்பன் ஓர் ஓலையை நீட்டினான்.

எழுதினார். ஒரு கண் பந்தத்தின் மேலேயே இருந்ததில் எழுத்து கோணலாகப் போனது. அரசர் உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார். அப்புறம்தான் பூவராகர் கவனித்தார். அவர் எழுதியது ஆசிரியரின் ஓலையில்.

"ஆக, ஆசிரியருக்கு வீடு" என்றான் வேம்பன். "நாலு சுவர், கதவு, ஒழுகாத கூரை. அமைச்சர் எழுத்து, அரசர் முத்திரை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணீர் வந்துவிட்டது. "வேம்பா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"எது கொடுத்தாலும் சரி அரசே. வீடு மட்டும் வேண்டாம்."

சபை மறுபடி சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தாண்டவன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எனக்கு வீடு கிடைத்துவிட்டது, மகாராஜா. பிள்ளைகள் இன்னும் அந்த மூலையில்தான் நிற்கிறார்கள்."

சிரிப்பு நின்றது. அரசருக்கு அன்றுதான் முதல் தடவையாகத் தம் சிரிப்பு காதில் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறியது. ஓலையை வாங்கி, முதல் வரியில் விரலை வைத்தார். பூவராகரை நிமிர்ந்து பார்த்தார்.

"அமைச்சரே, இதில் 'ஓடு' என்பதற்கு நீர் சொன்ன பொருள் அப்படியே இருக்கட்டும். அதை மாற்ற வேண்டாம். உம் முற்றத்தில் இருப்பதைத் தலையில் தூக்கிக்கொள்ளும். கொட்டிலின் மேல் இருப்பதையும் பிரித்துக்கொள்ளும்."

"பிறகு, அரசே?"

அரசர் ஓலையை உரக்கப் படித்தார்.

"பள்ளிக்கு ஓடு!"