மணி மிதவையும் பேரம் பேசிய நரியும்

ஒரு நரி தோணி விட்டுப் பிழைத்து வந்தது. ஒருநாள் காலை, தீவுக்குப் போக ஒரு தாய்க் கீரி தன் குட்டியோடு ஏறியது.

நடுக்கடலில் மூடுபனி சூழ்ந்தது. காற்றே இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு மணி அடித்தது. டங்... டங்...

"யாரு செத்துட்டாங்க, அண்ணே?" என்றது கீரி.

"வாயைக் கழுவு, தங்கச்சி!"

பனிக்குள்ளிருந்து மணி கட்டிய ஒரு மிதவை தலை நீட்டியது. கறுப்பு உடம்பு. நடுவில் சிவப்புப் பட்டை. உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்பு உருண்டைகள். அதன்மேல் சிறகை விரித்தபடி, ஆடாமல் அசையாமல், ஒரு நீர்க்காகம்.

"இரட்டை உருண்டை தெரியவில்லையா? அடியில் பாறை என்று அர்த்தம்! நூறு முழம் தள்ளிச் சுற்றிப் போ!" என்றது நீர்க்காகம்.

நரி சந்தையில் வளர்ந்தது. முதலில் சொல்கிற விலையை எந்த மடையன் கொடுப்பான்?

"நூறா? பகல் கொள்ளையா இருக்கே! பத்து முழம்."

"பாறை, நரியே."

"போணி நேரத்துல மூஞ்சியைச் சுளிக்காதே. பன்னிரண்டு!"

"சுற்றிப் போனவர்கள் கரையில் இருக்கிறார்கள். பேரம் பேசியவர்கள் கீழே இருக்கிறார்கள்."

கீரி எட்டிப் பார்த்தது. தண்ணீருக்கடியில் பாசி படிந்த ஒரு தோணி. பக்கத்தில் இன்னொன்று. அதன் துடுப்பு, வா வா என்பதுபோல் மெல்ல ஆடியது.

"அண்ணே, சுத்தியே போவோம்! என் புள்ளை இருக்கு!"

"சும்மா இரு! இறங்கி வருவான் பாரு. ஏய், பதினஞ்சு! இதுதான் கடைசி!"

நீர்க்காகம் வாயே திறக்கவில்லை.

"படிஞ்சிருச்சு!" நரி துள்ளிக்கொண்டு துடுப்புப் போட்டது.

அந்த விலை பாறைக்குத் தெரியாது.

மடார்! தோணி பிளந்தது. கீரி குட்டியைக் கவ்விக்கொண்டு மிதவைமேல் தாவியது. நீர்க்காகம் நகர்ந்து இடம் கொடுத்தது. நரியைக் காணோம்.

பனி விலகியதும் ஓர் ஆமை கீரியையும் குட்டியையும் தீவில் சேர்த்தது. ஆனால் மூடுபனி இறங்கும்போதெல்லாம் அந்த மணிக்கு அடியில் ஒரு குரல் கேட்கிறது.

"இருபது... சரி, இருபத்தஞ்சு..."

நூறு முழத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பேரத்தைச் சந்தையோடு வைத்துக்கொள். உயிர் காக்கச் சொன்ன எச்சரிக்கையில் ஒரு முழம்கூடக் குறைத்துக் கேட்காதே!