பதினோராம் நாள் முகம்

வெகு காலத்துக்கு முன்பு, கல்லும் வாய் திறந்து பேசிய நாளில், செங்கரை என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் திருமேனி என்றொரு பகல் வேஷக்காரன் இருந்தான்.

பகல் வேஷம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். அறுவடை முடிந்ததும் பத்து நாள், பட்டப்பகலில், மேடையும் திரையும் இல்லாமல் தெருவிலேயே நடிப்பது. ஊர் பார்த்து ரசிக்கும், ஆனால் உடனே எதுவும் கொடுக்காது. பதினோராம் நாள் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சொந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்க வேண்டும். "அட, அது நீதானா!" என்று வியந்து அப்போதுதான் நெல் போடுவார்கள். அந்த நெல்தான் திருமேனிக்கும், அவன் மனைவி ஆவுடைக்கும், ஐந்து வயது மகள் நாச்சிக்கும் சோறு.

ஒரு வருஷம் திருமேனி ராணி வேஷத்தில் வந்தான். தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள். "ராணியம்மாவோட குதிகால் வெடிப்பைப் பாருங்க! இது நம்ம திருமேனி!" என்றாள். தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவனை விடவில்லை. நடக்கும்போது கேட்டது. சாப்பிடும்போது கேட்டது. மகளைத் தோளில் தூக்கும்போதும் கேட்டது.

அடுத்த அறுவடைக்கு முன்பு, முகவர்ணம் அரைக்க ஒரு கல் தேடி வறண்ட ஆற்றுக்குப் போனான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. கையில் எடுத்ததும் அது பேசியது.

"திருமேனி, உனக்கு என்ன வேண்டும்?"

"யாராலும் கண்டுபிடிக்க முடியாத வேஷம் வேண்டும்."

"என்மேல் அரைத்த வர்ணத்தைத் தாண்டி எந்தக் கண்ணும் பார்க்காது. ஆனால் உன் முகத்தை நான் வைத்துக்கொள்வேன்."

"எப்போது திருப்பித் தருவாய்?"

"நீ போடும் ஏதாவது ஒரு வேஷத்தை யாராவது கண்டுபிடித்து உன் எதிரே சொல்லட்டும். அன்று தருவேன்."

திருமேனி சம்மதித்தான். கண்டுபிடிக்கக் கூடாது என்ற ஒரே நினைப்பில் பதினோராம் நாளை மறந்துவிட்டான்.

பத்து நாளும் வீட்டுக்குப் போகாமல் ஊர்க்கோடி மண்டபத்தில் தங்கி, வேஷத்தின்மேல் வேஷம் போட்டான். முதலில் அரண்மனைச் சேவகனாக வந்தான். வரி கேட்க வந்தவன் என்று பயந்து ஆண்கள் வேலியேறிக் குதித்து ஓடினார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு சாமியாராக வந்தான். ஒரு தாய் காய்ச்சலில் கிடந்த குழந்தையை அவன் காலடியில் கிடத்தி, "காப்பாத்துங்க சாமி!" என்று அழுதாள். அவன் குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசினான். அப்போதும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 'நான் செய்தது நடிப்பா, பொய்யா?' என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு போனான்.

பத்தாம் நாள், காசிக்கு நடந்து போகும் கிழவனாக வந்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் குளத்தில் இறங்கி முகத்தைக் கழுவினான். தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீரில் அந்தக் கிழவன்தான் தெரிந்தான்.

மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றான். "ஐயா, நான்தான் திருமேனி."

"காசிக்குப் போறவருக்கு ஊர் நெல் எதுக்கு, பெரியவரே? இந்த வருஷம் வேஷம் எதுன்னே தெரியாம அசத்திட்டான் திருமேனி. அவன் வரட்டும், சால்வையே போர்த்தப்போறேன்" என்றார் அவர்.

கூட்டாளியான மத்தளக்காரன் பேச்சிமுத்துவிடம் போனான். "டேய், உனக்குமா என்னைத் தெரியல?"

"தாத்தா, என்னை 'டேய்'னு கூப்பிட ஊரில் ஒருத்தனுக்குத்தான் உரிமை. அவனை நானே காலையிலிருந்து தேடறேன். தள்ளுங்க."

மூன்றாவதாகத் தன் வீட்டுக்கே போனான். உச்சி வெயில். ஊரை ஏமாற்றலாம், ஆவுடையை ஏமாற்ற முடியுமா? அவள் கட்டாயம் கண்டுபிடிப்பாள் என்று நம்பினான்.

"ஆவுடை, நான் வந்துட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாவம், வெயில் தலைக்கு ஏறிடுச்சு போலிருக்கு. உட்காருங்க ஐயா. வீட்டுக்காரர் நெல் வாங்கப் போயிருக்கார். இருக்கிற கஞ்சியைக் குடிங்க."

பானையைச் சாய்த்து நாச்சிக்கு ஒரு சட்டியில் ஊற்றினாள். மீதியைக் கிழவனுக்கு ஊற்றினாள்.

"உனக்கு எங்கேம்மா?" என்றாள் நாச்சி.

"நான் அப்பவே குடிச்சிட்டேன்டி" என்று சொல்லி ஆவுடை முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

திருமேனியின் கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருஷமாக அவன் கேட்ட வார்த்தை. எட்டு வருஷமாகப் பார்த்த அதே துடைப்பு. இன்று விருந்தாளியாக உட்கார்ந்ததால் பானையின் அடிவரை தெரிந்தது. கஞ்சி இருவருக்குத்தான் இருந்தது. கழுவக் கிடந்த சட்டி ஒன்றுகூட இல்லை.

வர்ணம் இல்லை. மத்தளம் இல்லை. கைதட்ட ஆள் இல்லை. ஒரு நாள்கூட இவள் பிடிபட்டதில்லை. 'நான் பிடிபடாமல் இருக்க ஒரு கல்லிடம் முகத்தைக் கொடுத்தேன். இவள் எதைக் கொடுத்தாள்?' என்று நினைத்தான்.

சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். "எனக்கு வேண்டாம் தாயி. வழியிலேயே சாப்பிட்டுட்டேன்." துண்டால் வாயையும் துடைத்துக்கொண்டான்.

ஆவுடை அவனை உற்றுப் பார்த்தாள்.

"யார்கிட்ட நடிக்கிறீங்க ஐயா? வயிறு நிறைஞ்சவங்க கண்ணு சட்டியிலேயே கிடக்காது. இந்த வேஷத்தை நான் தினமும் போடறேன். எங்கிட்ட இது செல்லாது."

அவன் மடியில் இருந்த கல் 'படீர்' என்று இரண்டாகப் பிளந்தது. நரைத்த தாடி உதிர்ந்தது, சுருக்கம் மறைந்தது.

"அப்பா!" என்று நாச்சி கத்தினாள். கஞ்சி கொட்டிவிடாமல் சட்டியைப் பிடித்துக்கொண்டேதான் கத்தினாள்.

ஆவுடை அருகே வந்து அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எப்போலேருந்து உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள்.

"எட்டு வருஷமா. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

திருமேனி நெல் வாங்கப் போகும் முன், காய்ச்சலில் கிடந்த அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனான். "நான் சாமியில்லை, வேஷக்காரன். மன்னிச்சுக்க அம்மா" என்றான்.

"காய்ச்சல் விட்டுடுச்சு, நல்லவேளை. இனிமே குழந்தை விஷயத்தில் மட்டும் இது வேண்டாம்" என்றாள் அவள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு ஒருநாளும் சாமியார் வேஷம் போடவில்லை.

மணியக்காரர் தந்த சால்வையைக் கொண்டுவந்து ஆவுடையின் தோளில் போர்த்தினான். "சும்மா இருங்க, பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்றாள். தெரு சிரிக்கத்தான் செய்தது. அந்தச் சிரிப்பு இப்போது அவனுக்கு வலிக்கவில்லை.

புது நெல் குத்திப் பொங்கிய அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இரண்டாம் கவளம் எடுப்பதற்குள் ஆவுடை, "எனக்குப் போதும்" என்றாள்.

திருமேனி அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு அவள் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தான்.

அவள் சாப்பிட்டாள்.