காலியாய் விடாத இடம்

“மேடம், நான் எழுதினது நாலு பேரைக் கொன்னுடுச்சு. இனிமே நான் என்ன செய்யணும்?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டார் தேவசகாயம்.

இவர்தான் சீடர். வயது ஐம்பத்து நான்கு. குரு வஞ்சிக்கொடி அவரைவிட இருபது வயது இளையவள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, நிரல் எழுதிப் பழக அதில் சில கணினிகள். மடம் என்றால் அவ்வளவுதான். கூடப் படிக்கிற பிள்ளைகள் ‘பெருசு’ என்று கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரிக்கிற மனிதர் அவர். அன்று அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“உள்ளே வாங்கண்ணே,” என்றாள் குரு. “அதைத் திறங்க. அனுப்புற இணைப்பை மட்டும் முதல்ல துண்டிச்சிருங்க.”

அது ஒரு வெள்ள எச்சரிக்கை டெம்ப்ளேட். ஆற்றங்கரை ஊர்களுக்காக ஒரு தொண்டுக் குழு கேட்க, தேவசகாயம் ஆசை ஆசையாய் எழுதிக் கொடுத்தது. எல்லா ஊருக்கும் வாசகம் ஒன்றுதான், ஊர்ப் பேர் மட்டும் மாறும். நிரலில் அந்த இடத்துக்கு மாறி என்று பேர். குழுவில் இருப்பவர் பேரை அடித்து அனுப்பினால், கரையோரத்துப் போன்கள் அத்தனைக்கும் செய்தி போய்விடும்.

திறந்தார்.

“ஊர்ப் பேரை அடிக்காம ஓட்டுங்க.”

ஓட்டினார். திரையில் வந்தது.

*வேம்பங்கரை மக்களே, அணை திறந்தாச்சு.*

அதற்குக் கீழே இன்னும் சில வரிகள். தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. பார்க்க அத்தனை லட்சணமாய் இருந்தது.

“வேம்பங்கரை யார் ஊரு?”

“என் ஊருதான்.”

“அது எப்படி அங்க வந்துச்சு?”

“யாராவது பேரை அடிக்காம விட்டுட்டா இதை எடுத்துக்கட்டும்னு நான்தான் போட்டு வெச்சேன். சோதிச்சுப் பார்க்கறப்ப வாயில முதல்ல வந்தது அதுதான்.”

போன வாரம் அணையைத் திறந்தபோது, குழுவில் இருந்தவர் பதற்றத்தில் ஊர்ப் பேரை அடிக்க மறந்துவிட்டார். தண்ணீர் போனது ஆலடிப்பட்டுக்கு. செய்தி போனது வேம்பங்கரை பேரில். ஆலடிப்பட்டில் எல்லோரும் அதைப் படித்தார்கள். ஐயோ பாவம் வேம்பங்கரை என்று சொல்லிவிட்டு அடுப்பில் உலை வைத்தார்கள்.

“எங்கம்மா போன் பண்ணுச்சு மேடம். உன் செய்தியைப் பார்த்துட்டுத்தாண்டா ஊரே மேட்டுல ஏறி உக்காந்தோம், நீ நல்லா இருக்கணும்னுச்சு. எங்க ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கீழே கடைக்காரர் காதில் விழுமே என்றுகூடப் பார்க்காமல் தேம்பித் தேம்பி அழுதார்.

அழுகை அடங்கியதும் குரு கேட்டாள்.

“அந்த இடத்தைக் காலியா விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“பாதியில நின்னுருக்கும்.”

“நிக்கட்டும்னு விட வேண்டியதுதானே?”

தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதினது எந்த நிலைமையிலயும் பாதியில நிக்கக் கூடாதுன்னு, முதல் நாளே நீங்கதானே மேடம் சொல்லிக் கொடுத்தீங்க?”

குற்றம் சாட்டவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வஞ்சிக்கொடி லேசுப்பட்டவள் இல்லை. எதைக் கேட்டாலும் சுருக்கென்று ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று கையில் எடுத்த டீ கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தாள். கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவரை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேம்பங்கரையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் எதையும் போடவில்லை. பேர் இல்லாவிட்டால் நின்று கேட்கும்படி வேறொரு வரி எழுதி ஓட்டினாள்.

*ஊர்ப் பேர் இல்லை. அனுப்ப முடியாது.*

“நின்னுடுச்சு,” என்றார் தேவசகாயம்.

“ம்.”

“இவ்வளவுதானா மேடம்?”

“இவ்வளவுதான்.”

“நான் இப்ப என்ன செய்யணும்? நீங்க எதைச் சொன்னாலும் செய்யறேன்.”

“எனக்குத் தெரியலண்ணே.”

அவர் கேட்டு வந்தது அந்த ஒன்றைத்தான். இவளுக்கும் தெரியாது என்றால் போய்க் கேட்க வேறு ஆள் இல்லை.

திரை கேட்டபடி நின்றது.

*ஊர்?*

குரு விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒற்றை விரலால், நிறுத்தி நிறுத்தி அடித்தார்.

“வாசிங்க,” என்றாள்.

வாசித்தார்.

“ஆலடிப்பட்டு மக்களே, அணை திறந்தாச்சு. ஆத்துத் தண்ணி உங்க ஊருக்குத்தான் வருது. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. பயப்படாதீங்க. இன்னும் நேரம் இருக்கு.”