பாதியில் நின்ற ஷட்டர்

ஜெசிந்தாவுக்கு ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆசானுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

தூத்துக்குடியில் ஷட்டர் ஸ்பிரிங் மாற்றவேண்டுமென்றால் ஜெசிந்தாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஊர்க் கடல்காற்று சும்மா இருக்காது. இரும்பு என்று எழுதிக் காட்டினாலே அரித்துவிடும். லாரி ஓட்டி ஓய்ந்த சித்திரைவேல் ஒருநாள் அவள் முன்னால் வந்து நின்று, எனக்கும் இந்தத் தொழிலைச் சொல்லித்தா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் அவளை ஆசான் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

சித்திரைவேல் கெட்டிக்காரர்தான். ஆனால் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். பல் விளக்கி முடிப்பதற்குள் தெருவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். ஏணியில் ஏறும்போதே அடுத்த வீட்டு வேலையைப் பற்றிப் பேசுவார்.

"எத்தனை சுத்து முறுக்கணும், ஆசான்?"

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கேள்வி.

சுருட்டு ஷட்டரின் உச்சியில் ஒரு குழாய் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங். அவற்றை அளவாக முறுக்கி வைத்தால் ஷட்டரின் பாரத்தை வாங்கிக்கொள்ளும், யாரும் ஒரு கையால் தூக்கிவிடலாம். முறுக்கு குறைந்தால் ஷட்டர் தொப்பென்று விழும். கூடிப்போனால் கையைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடும்.

ஜெசிந்தா எண்ணிக்கை சொல்லமாட்டாள். முறுக்கி முடித்ததும் ஷட்டரைத் தோள் உயரத்தில் நிறுத்துவாள். இரண்டு கையையும் எடுத்துவிடுவாள். அது ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்கும். உடனே ஒரு நாற்காலியை இழுத்து நேர் கீழே போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டில் கொடுக்கிற காப்பியைக் குடிப்பாள். அவள் குடித்துவிட்டு எழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குமுன் யாரையும் உள்ளே விடமாட்டாள்.

"பயமா இல்லையா, ஆசான்?"

"காலு வலிக்கி, அண்ணாச்சி. வேற எங்க உக்கார?"

இது என்ன பதில் என்று சித்திரைவேலுக்கு எரிச்சலாக வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டு ஷட்டரிலேயே ஒரு ஸ்பிரிங் தெறித்தது.

அது கார் ஷெட். காரை எப்போதோ விற்றாயிற்று. இப்போது உள்ளே மகள் பிரம்மசக்தியின் தையல் மிஷின் இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வரும்போது கொண்டுவந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே அவளுடைய தையல் கடை திறப்பு. சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை அவள் வாசலில் கோலம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். பொடி தீர்ந்து, எடுக்க வீட்டுக்குள் போனாள். வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், அவள் குனிந்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஷட்டர் விழுந்து கிடந்தது.

சித்திரைவேல் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"நானே மாத்திருதேன், ஆசான். நீங்க வரவேண்டாம். எம்பிள்ளை கடை, நான்தான் செய்யணும். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, போதும்."

"சரி. ரெண்டையும் மாத்திருங்க."

"ஒண்ணுதான போச்சு?"

"ரெண்டும் ஒரே நாள்ல மாட்டுனது. ரெண்டும் ஒரே காத்தத்தான் தின்னுருக்கு."

"சரி சரி."

"அவுக்கும்போது கயிறு கட்டிக்கிடுங்க. ஷட்டர் முழுசா மேல ஏறிட்டாலும் உள்ள முறுக்கு மிச்சம் இருக்கும். அப்பதான் கடிக்கும்."

"தெரியும், ஆசான். எத்தனை சுத்துன்னு மட்டும்..."

போன் வைத்த சத்தம் கேட்டது.

ஸ்பிரிங் விற்கிற கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று திங்கட்கிழமை லாரியில் வரும் என்றார்கள். சித்திரைவேல் கடை வாசலில் நாலு தரம் நடந்தார். எல்லாரிடமும் சொன்ன பிறகு தள்ளிவைப்பதா? ஏற்கெனவே வாய்க்கு வந்தபடி பேசுகிற கூட்டம். பெண்ணுக்குத்தான் ராசி இல்லை என்று அவருடைய தங்கச்சியே சொல்லிவிடுவாள்.

இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை முழுக்க வேலை. கயிறு கட்டினார், ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. உடைந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டினார். உடையாத பழையதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். எண்ணெய் விட்டார். ஒரு கணம் யோசித்துவிட்டு இரண்டுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். எது புதுசு, எது பழசு என்று அவருக்கே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. முறுக்கினார். ஷட்டர் பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாழை கட்டியிருந்தது. தங்கச்சி முதல் ஆளாக வந்து திண்பண்டத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாதா கோயிலில் பூசை முடிந்து ஜெசிந்தா நல்ல சேலையோடு ஸ்கூட்டரில் வந்தாள். சித்திரைவேல் ஷட்டரைத் தோள் உயரத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிங்கை மறைக்கிற மேல்மூடி இன்னும் மாட்டவில்லை. ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள்.

"ஸ்பிரிங்குக்கு எதுக்கு அண்ணாச்சி பெயிண்ட்?"

"அழகா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் ஸ்கூட்டருக்குப் போய் எதையோ எடுத்துவந்தாள். ஷட்டரின் இந்த ஓரம் ஒரு நடை, அந்த ஓரம் ஒரு நடை. சித்திரைவேல் அதைக் கவனிக்கவில்லை. தெருமுனையில் இறங்குகிற சொந்தக்காரர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிரம்மசக்தி ஒரு கையில் நாற்காலியும் மறுகையில் காப்பியுமாக வந்தாள்.

"இன்னைக்கு அக்கா உக்காரவேண்டாம். எங்கப்பா செஞ்ச வேலை. நான்தான் உக்காருவேன்."

ஷட்டருக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்தாள். காப்பியை ஊதினாள். தெருவே பார்த்துச் சிரித்தது.

"கையை எடுங்க, அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா.

சித்திரைவேலின் கை ஷட்டரிலேயே இருந்தது.

"என்னப்பா இன்னும் பிடிச்சிட்டு நிக்கிய? எடுங்க."

"எடுக்கேன் தாயி."

எடுக்கவில்லை. அவர் கழுத்திலிருந்து வேர்வை இறங்கிப் புதுச் சட்டையை நனைத்தது.

"நேரம் போவுதுல்லா, அண்ணே," என்று தங்கச்சி குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, சும்மா இரு!"

அப்படி ஓர் அதட்டலை அந்தத் தெரு கேட்டதில்லை. சித்திரைவேல் ஜெசிந்தா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"தாங்கும்லா, ஆசான்?"

"தாங்கும்."

"இன்னைக்கு ஒரு பொழுது தாங்குனா போதும்."

"இன்னைக்கு விழாது, அண்ணாச்சி. சத்தியமா விழாது. கையை எடுங்க."

அவர் மேலே பார்த்தார். இரண்டு ஸ்பிரிங்கும் கறுப்பாகப் பளபளத்தன. கீழே பார்த்தார். மகளின் தலை வகிடு தெரிந்தது. அவள் காப்பியில் பாதியைக் குடித்திருந்தாள்.

"எந்திரி, பிள்ள."

"ஏம்ப்பா?"

"எந்திரின்னா எந்திரி!"

அவள் பதறி எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது, காப்பி சேலையில் கொட்டியது. சித்திரைவேல் ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினார். அப்போதும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஓரத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஷட்டருக்கடியில் சவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து நின்றது. ஜெசிந்தா வேலைக்குக் கொண்டுபோகிற கட்டைகள்.

இவ்வளவு நேரமும் அது விழுந்திருக்கவே முடியாது.

ஜெசிந்தா குனிந்து கட்டைகளைத் தட்டி எடுத்தாள். சித்திரைவேல் ஷட்டரை மெதுவாகத் தரைவரை இறக்கினார். தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

"கடை இன்னைக்கு இல்ல. ஸ்பிரிங் ஒண்ணு வரணும். வந்தபிறகு திறப்போம். பலகாரம் சாப்பிட்டுட்டுப் போங்க."

"நான்தான் சொன்னேன்லா, இந்தப் பிள்ளை ராசி..." என்று ஆரம்பித்தாள் தங்கச்சி.

"பிள்ளை ராசி நல்லாத்தான் இருக்கு. பழைய ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் அடிச்சி மாட்டுனவன் நான்."

பிரம்மசக்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிவிட்டு, இன்னும் காப்பி போட உள்ளே போனாள்.

சித்திரைவேல் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். ஏறவில்லை. ஏணியைப் பிடித்தபடி நின்றார். சீடராக வந்த நாளிலிருந்து அவர் அப்படி ஓர் இடத்தில் நின்று ஜெசிந்தா பார்த்ததில்லை.

"முட்டுக்கட்டை குடுத்தது எனக்குத் தெரியாது. சரி. ஆனா விழாதுன்னு நீங்க சத்தியம் பண்ணுனிய. உங்க பேச்ச நான் என்னைக்காவது நம்பாம இருந்திருக்கேனா?"

"இல்ல."

"பிறகு ஏன் ஆசான், என் கை வரல?"

ஜெசிந்தா சாய்ந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி, சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை என்கிட்ட ஏன் கேக்கிய, அண்ணாச்சி? பிடிச்சிட்டு நின்னது நானா?"